உங்களுக்குத் தெரியுமா? வீராம்பட்டினம் ஸ்பெஷல்!

நாளைய தொழில்நுட்பம் எங்கே பிறக்கிறது? அமெரிக்காவிலா, ஜப்பானிலா, பெங்களூரிலா? அத்தனையையும் ஓரமாக வையுங்கள். என்னோடு வீராம்பட்டினத்துக்கு வாருங்கள்! புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பத்தை ஒட்டிய மீனவர் ஊர். ஆடித் தேருக்கு அந்தக் காலத்தில் பிரெஞ்சு கவர்னரே வந்து வடம் பிடித்த ஊர்! இந்த ஊரையும் அக்கம்பக்கத்தையும் கிளறிக் கிளறி நான் சேர்த்த சங்கதிகள் இவை. ஒவ்வொன்றும் அசல் சரக்கு! பணமும் படிப்பும் இருந்தால் புதுமை தானாக வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? பயம், பசி, பறிகொடுத்த வலி... இந்த மூன்றும் செய்த வேலையைப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்!

அமெரிக்கக் கடற்படையின் அலைக் கணிப்பு, வீராம்பட்டினம் கடற்கரையில் தமிழில் ஒலித்தது! நிஜம்தான்! அந்தக் கடற்படையின் இணையதளத்தில் வங்காள விரிகுடாவின் அலை உயரக் கணிப்பு யாரும் பார்க்கும்படி கிடந்தது. அதை எடுத்தார்கள், தமிழில் எழுதினார்கள், கரையில் கட்டிய ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வலையைத் தோளில் தூக்கிப் போடும் முன்பே இன்றைக்கு அலை எத்தனை உயரம் என்று மீனவர் காதில் விழுந்துவிடும். போர்க்கப்பலுக்குப் போட்ட கணக்கு, கட்டுமரத்துக்குக் காவல்!

இது எந்த வருஷத்துத் திட்டம் தெரியுமா? 1998! கூகுள் நிறுவனம் பதிவானதும் அதே 1998-ல்தான்! ஃபேஸ்புக் பிறக்க இன்னும் 6 வருஷம் பாக்கி. நம் ஊரில் ஸ்மார்ட்போன் என்ற பேச்சே கிடையாது. ஆனால் வீராம்பட்டினத்துக் கரையில் இணையம் பேசிக்கொண்டிருந்தது!

செய்தது யார்? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். கும்பகோணத்தில் பிறந்த நம் சுவாமிநாதன்தான் உலக உணவுப் பரிசைப் பெற்ற உலகின் முதல் ஆள், 1987-ல்! அந்தப் பரிசுப் பணத்தை வைத்து அடுத்த வருஷமே தொடங்கிய நிறுவனம் இது!

ஊர்களில் நம்பக்கூடிய போன் லைன் இல்லை. அப்படியானால் கம்ப்யூட்டருக்குத் தகவல் எப்படிப் போகும்? போலீஸ் ஜீப்பில் பார்ப்போமே, அந்த மாதிரி வி.எச்.எஃப். ரேடியோ! அதையே கம்ப்யூட்டரோடு இணைத்தார்கள். வில்லியனூரில் இருந்த தலைமை மையத்திலிருந்து செய்தி காற்றில் பறந்து ஊர் மையத்தில் இறங்கியது. கரண்ட்டும் அடிக்கடி போகும். விட்டார்களா? சூரிய ஒளித் தகடு வைத்தார்கள்! போன் இல்லாததால் ரேடியோ, கரண்ட் இல்லாததால் சோலார்! 2001-ல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது தேடி வந்தது!

இன்னொன்று கேளுங்கள். அந்த மையங்களை நடத்தியது எஞ்சினியர்கள் இல்லை. அந்தந்த ஊர்க்காரர்கள், அதிலும் நிறையப் பேர் பெண்கள்! மவுஸைப் பிடித்துப் பழகி, நெல் விலையும் மீன் விலையும் அரசு உதவித் திட்டமும் ஊருக்குச் சொன்னார்கள். 'நம்ம ஊர் செய்தி' என்று சொந்தமாகப் பத்திரிகையே வந்தது!

பக்கத்து எம்பலத்தில் மையம் எங்கே இருந்தது? கோயில் கட்டடத்தில்! சாமியைக் கும்பிடும் வாசலில் அப்போது ஒடுக்கப்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை, மாதவிலக்கான பெண்களுக்கும் இல்லை. கம்ப்யூட்டர் இருந்த வாசலில் யார் வேண்டுமானாலும் நுழையலாம்! ஒரே கட்டடம், இரண்டு வாசல்! 2000-ல் நியூயார்க் டைம்ஸ் இதை ஊர் உலகத்துக்கே சொன்னது!

இப்போது நான் சொல்லப்போவதுதான் இந்தத் தொகுப்பிலேயே என் நெஞ்சை அதிகம் உலுக்கியது. வீராம்பட்டினத்துக்குத் தெற்கே நல்லவாடு. அங்கேயும் இதே திட்டத்தில் ஒரு மையம், ஒரு ஒலிபெருக்கி. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவில் பூமி குலுங்கியபோது நமக்குக் காலை 6.29 மணி. ஆழிப்பேரலை நம் கரைக்கு வர சுமார் 2 மணி நேரம் ஆகும். அந்த 2 மணி நேரத்தில் நம் கரைகளுக்கு எந்த அரசு எச்சரிக்கையும் வரவில்லை! ஆனால் நல்லவாட்டுக்கு ஒரு போன் வந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் மீனவர் வீட்டுப் பிள்ளை, டி.வி.யில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போட்ட போன்! "ஓடுங்க!" என்பதுதான் சேதி. விஷயம் தெரிந்தவர்கள் மையத்துக்கு ஓடினார்கள். பூட்டியிருந்தது. கதவை உடைத்தார்கள்! ஒலிபெருக்கியைப் போட்டார்கள்! மீன் விலையும் அலை உயரமும் சொல்லிவந்த அதே குழாயில் 'எல்லோரும் வெளியேறுங்கள்' என்று கத்தினார்கள். ஊரே மேட்டைப் பார்த்து ஓடியது. அலை வந்தது. சுமார் 150 வீடுகள் போயின. 200 படகுகள் போயின. ஊரில் இருந்த 3,600 பேருக்கும் மேல்... அத்தனை பேரும் உயிரோடு!

அன்று உலகம் முழுக்க இறந்தவர்கள் 2 லட்சத்துக்கும் மேல். ஒரு போன், ஒரு ஒலிபெருக்கி இருந்த ஊரில் பூஜ்யம்! இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பை யாராவது எனக்குக் காட்டுங்கள்!

2004-ல் இந்தியப் பெருங்கடலுக்குச் சுனாமி எச்சரிக்கை மையம் ஒன்றுகூடக் கிடையாது! 3 வருஷம் முடிவதற்குள், 2007 அக்டோபர் 15-ல், ஹைதராபாத்தில் கடல் தகவல் மையமான 'இன்காய்ஸ்' வளாகத்தில் நமக்கே சொந்தமாக ஒன்று! நிலநடுக்கம் வந்தால் சுமார் 10 நிமிடத்தில் அறிவிப்பு தயார். நமக்கு மட்டுமா? இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள நாடுகளுக்கும் இப்போது இந்தியா சேதி சொல்கிறது!

இந்திய வானிலைத் துறை பிறந்ததும் இப்படித்தான்! 1864-ல் கல்கத்தாவைப் புயல் சூறையாடியது. 1866-லும் 1871-லும் பருவமழை பொய்த்தது. 1875-ல் துறை தயார்! அழுத கண்ணீரில்தான் ஆபீஸ் திறந்திருக்கிறார்கள்!

மீன் எங்கே இருக்கிறது என்று வானத்திலிருந்து பார்க்க முடியுமா? மீனைப் பார்க்க முடியாது. மீன் தேடி வரும் பச்சையைப் பார்க்கலாம்! 1999 மே 26-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஓஷன்சாட் செயற்கைக்கோள் கடலின் நிறத்தைப் படம் பிடித்தது. நுண்ணுயிர்ப் பாசி அதிகமானால் தண்ணீரின் நிறம் மாறும். பாசிக்குச் சின்ன மீன் வரும், சின்ன மீனுக்குப் பெரிய மீன் வரும். சூடான நீரும் குளிர்ந்த நீரும் சந்திக்கிற கோடு எங்கே என்றும் பார்க்கிறார்கள். இரண்டையும் சேர்த்து, 'இந்தத் திசையில், இத்தனை தூரத்தில் வலை போடலாம்' என்று இன்காய்ஸ் அறிவிக்கிறது. அதுவும் தமிழில், அதுவும் இலவசமாக! டீசல் விற்கிற விலையில் இது எவ்வளவு பெரிய வரம் என்று படகு வைத்திருப்பவரைக் கேளுங்கள்!

2017 நவம்பர் கடைசி. ஒக்கிப் புயல். கன்னியாகுமரி மீனவர்கள் நடுக்கடலில். எச்சரிக்கை இருந்தது, ஆனால் எட்டவில்லை! கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் செல்போன் சிக்னல் செத்துவிடும். எத்தனையோ பேர் திரும்பி வரவேயில்லை. அந்த வலியில் பிறந்ததுதான் 'ஜெமினி' கருவி, 2019 அக்டோபரில்! செயற்கைக்கோளிலிருந்து நேராகச் செய்தி வாங்கும். புளூடூத் வழியாக மீனவரின் போனில் காட்டும். சிக்னல் கம்பமே வேண்டாம்!

ஜெமினியில் ஒரு குறை இருந்தது. கேட்கும், பேசாது! ஆபத்து என்றால் கரைக்குச் சொல்ல வழியில்லை. அந்தக் குறை அடுத்த கருவியைப் பெற்றெடுத்தது. இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் இருவழி டிரான்ஸ்பாண்டர்! ஆபத்தில் பட்டனை அமுக்கினால் கரைக்குச் சேதி போய்விடும். எத்தனை படகுகளில் பொருத்தத் திட்டம்? 1 லட்சம்!

இப்போது 200 வருஷம் பின்னால் போவோமா? ரொம்பப் பெருமையோடு தோண்டி எடுத்த சங்கதி இது!

1825. புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர். காகிதம் இல்லை, பேனா இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார். ஜான் வாரன் என்பவர் எதிரே உட்கார்ந்து பார்க்கிறார். சாதாரண ஆள் இல்லை, சென்னை வானியல் ஆய்வுக்கூடத்தை நடத்தியவர்! சோழி நகர்கிறது, வாய் முணுமுணுக்கிறது. அட்டவணை முழுவதும் மனப்பாடம்! எண்களைச் சொற்களாக்கி நெட்டுருப் போட்டிருக்கிறார். அந்த வருஷம் மே 31, ஜூன் 1 இரவுக்கான சந்திர கிரகணம் எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்று சோழியிலேயே கணக்கு முடிந்தது! பிடிக்கும் நேரத்தில் பிழை வெறும் 4 நிமிடம். விடும் நேரத்தில் பிழை கூடிவிட்டது, உண்மைதான். ஆனால் கையில் இருந்தது சோழி மட்டும், ஐயா! வாரன் இதைப் பதிவுசெய்த 'காலசங்கலித' நூல் அதே 1825-ல் சென்னையில் அச்சேறியது!

அந்தச் சோழிக் கணக்கின் அச்சாணி 248 என்ற எண். 248 நாளில் நிலவு வேகமெடுத்துத் தணியும் சுற்று 9 முறை முடிந்துவிடும். நம் வாக்கியப் பஞ்சாங்கத்தின் சந்திர வாக்கியங்களும் சரியாக 248! இனிமேல்தான் அதிசயம். பாபிலோனின் களிமண் பலகைகளிலும் அதே 248!

இதற்கும் முன்னால் புதுச்சேரியில் இன்னொரு பந்தயம் நடந்திருக்கிறது! 1765 ஆகஸ்ட் 30-ன் சந்திர கிரகணம். அது எவ்வளவு நேரம் நீடித்தது என்று பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டிலுக்குத் தமிழர் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். 41 விநாடி குறைவு. அப்போது ஐரோப்பா தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய டோபியாஸ் மேயரின் அட்டவணை என்ன சொன்னது? 68 விநாடி அதிகம்! வென்றது யார்? நீங்களே பாருங்கள்! அந்த அட்டவணைக்காக மேயரின் மனைவிக்குப் பிரிட்டன் கொடுத்த பரிசு 3,000 பவுண்டு!

மேயருக்குப் பரிசு எதற்கு? நடுக்கடலில் கப்பல் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க! கப்பல்கள் வழி தவறி மூழ்கிக்கொண்டிருந்தன. இன்று போனில் நீலப் புள்ளியாக நாம் பார்க்கும் இடங்காட்டிக்கு முப்பாட்டன் அந்தப் பயம்தான்!

அந்த லெ ஜென்டில் புதுச்சேரிக்கு வந்த கதை தெரியுமா? சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்க! பூமிக்கும் சூரியனுக்கும் எவ்வளவு தூரம் என்று அளக்கும் உலகப் போட்டி அது. 1760-ல் பிரான்ஸிலிருந்து புறப்பட்டார். வந்து சேர்வதற்குள் புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். 1761-ல் வெள்ளி கடந்தபோது ஆடும் கப்பலில் மாட்டிக்கொண்டார், அளக்க முடியவில்லை. சரி, அடுத்தது 1769-ல்தானே, காத்திருப்போம் என்று காத்திருந்தார். 8 வருஷம்! பகை நாட்டவரான சென்னை ஆங்கிலேயர்கள்கூட நல்ல தொலைநோக்கி கொடுத்து உதவினார்கள். 1769 ஜூன் 4 காலை. மேகம்! வெள்ளி கடந்து முடிந்ததும் வானம் வெளுத்தது. 1771-ல் ஊர் திரும்பினால், செத்துவிட்டார் என்று முடிவு கட்டி அவர் சொத்தைப் பங்கு போட ஆரம்பித்திருந்தார்கள்!

ஆனால் அந்த மனுஷர் வீராம்பட்டினத்துக்கு ஒரு பெரிய உபகாரம் செய்துவிட்டுப் போனார். ஊருக்குப் பக்கத்தில் ஒரு மேடு இருக்கிறது, ஜனங்கள் பெரிய பெரிய பழைய செங்கற்களைத் தோண்டி எடுக்கிறார்கள் என்று எழுதிவைத்தார். அதுதான் அரிக்கமேடு! ஊர் உலகம் அதைத் திரும்பிப் பார்க்க இன்னும் 160 வருஷத்துக்கும் மேல் ஆனது!

1944. சென்னை அருங்காட்சியகத்தின் ஒரு அலமாரி. உள்ளே கை விட்டார் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர். கையில் வந்தது மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடியின் உடைந்த துண்டு! எங்கிருந்து வந்தது? அரிக்கமேடு! அடுத்த வருஷமே தோண்டத் தொடங்கிவிட்டார். இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர்ப் பாண்டங்கள் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் கிடைத்தன. வயது சுமார் 2,000 வருஷம்!

அரிக்கமேட்டின் உண்மையான ஹைடெக் என்ன தெரியுமா? கண்ணாடி மணி! உருகிய கண்ணாடியைக் குழாய் வடிவில் நீளமாக இழுப்பார்கள். நடுவில் துளை அப்படியே நிற்கும். குழாயைப் பொடிப் பொடியாக வெட்டி, சாம்பலில் போட்டுச் சூடேற்றிக் கிளறினால் முனை மழுங்கி உருண்டையாகிவிடும். ஒவ்வொரு மணியாகத் துளை போடும் வேலையே இல்லை! ஒரே இழுப்பில் ஆயிரக்கணக்கான மணிகள்! தொழிற்புரட்சிக்கு 1,700 வருஷம் முன்பே மொத்த உற்பத்தி! தாய்லாந்து, வியட்நாம், கொரியா, ஜப்பான் என்று இந்த வகை மணி போகாத ஊரில்லை. ஆராய்ச்சியாளர் பீட்டர் பிரான்சிஸ் வைத்த பெயர் 'இந்தோ-பசிபிக் மணி'. இதை இழுக்கும் வித்தை அரிக்கமேட்டோடு சாகவில்லை. திருப்பதி பக்கத்தில் பாப்பாநாயுடுபேட்டையில் அதே முறையில் இழுத்தார்கள், 20-ம் நூற்றாண்டிலும்!

ஓட்டையே விழ முடியாத படகு எது? கட்டுமரம்! குழிவு இருந்தால்தானே தண்ணீர் தேங்கும்? மேலே ஏறிய அலை மரங்களின் இடுக்கில் வடிந்துவிடும். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும் என்பதால்! உலகம் சுற்றிய ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் இந்தக் கரையில் இதைப் பார்த்து எழுதியது 1697-ல் அச்சேறியது!

ஆணி ஒன்றுகூட இல்லாத படகும் நம்மிடம் இருந்தது! மசூலா. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். துறைமுகம் இல்லாத கரை, மூர்க்கமான அலை. ஐரோப்பியர்களின் ஆணி அடித்த படகு மணலில் மோதினால் பிளக்கும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும்! பெரிய பெரிய கப்பல்களில் வந்த துரைமார்கள் கடைசி ஒரு மைலுக்கு நம்பியது நம் ஆட்கள் தைத்த படகைத்தான்!

புதுச்சேரியில் கடற்கரைச் சாலை உண்டு, கடற்கரை இல்லை! பல வருஷம் இதுதான் நிலைமை. 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்குக் கல் கொட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே நின்றுவிட்டது. வீராம்பட்டினம் பக்கம் மணல் குவிந்தது, நகரத்துப் பக்கம் கரைந்தே போனது. மக்கள் குரல் கொடுத்தார்கள். கடைசியில் சென்னையின் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் இறங்கியது. ஆப்பு வடிவில் ஒரு இரும்புப் பெட்டகம் செய்து கடலுக்குள் உட்கார வைத்தார்கள். எடை சுமார் 900 டன்! அலையின் கோபம் அதில் உடைகிறது, மணல் தங்குகிறது. காந்தி சிலை பக்கம் மறுபடியும் குழந்தைகள் மணல் வீடு கட்டினார்கள்!

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் கொட்டிய மழை 45 சென்டிமீட்டருக்கும் மேல்! இதற்கு முந்தைய சாதனையைப் போல இரண்டு மடங்கு! இப்படிப்பட்ட மழையை முன்கூட்டிப் பிடிக்கத்தான் புனேயில் 'அர்க்கா' சூப்பர் கம்ப்யூட்டர். அதன் வேகம் விநாடிக்கு 117 கோடி கோடி கணக்குகள்! நம் பஞ்சாங்கக்காரரின் சோழிகளை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்!

இனி ஆழத்துக்கு! மத்ஸ்யா 6000. மூன்று பேரைச் சுமந்துகொண்டு 6,000 மீட்டர் ஆழத்துக்குப் போகத் தயாராகிக்கொண்டிருக்கும் இந்திய நீர்மூழ்கி. செய்வது அதே கடல் தொழில்நுட்பக் கழகம்தான், பள்ளிக்கரணையில்! ஆட்கள் உட்காரும் உருண்டை 2.1 மீட்டர் குறுக்களவு, டைட்டானியம், 80 மில்லிமீட்டர் தடிமன். அந்த ஆழத்தில் விரல் நகம் அளவு இடத்தில் 600 கிலோ அழுத்தம்!

எதற்கு இவ்வளவு பாடு? பேட்டரிக்கு! நிக்கலும் கோபால்ட்டும் கடலடியில் உருளைக்கிழங்கு போல உருண்டு கிடக்கின்றன. இந்தியப் பெருங்கடலின் நடுவே அவற்றைத் தேட நமக்கென்றே ஒதுக்கிய பரப்பு 75,000 சதுர கிலோமீட்டர்!

புதுச்சேரிக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள ஒரு சேதி. மத்ஸ்யாவுக்கு முன்னோட்டமாக 2025 ஆகஸ்டில் நம்மவர்கள் இருவர் அட்லாண்டிக்கில் மூழ்கிப் பழகினார்கள். யாருடைய நீர்மூழ்கியில்? பிரான்ஸின் 'நாட்டீல்'! ஒருவர் தொட்ட ஆழம் 4,025 மீட்டர். இன்னொருவர் 5,002 மீட்டர்!

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அலை உயரமும் காற்றின் வேகமும் மீன் கிடைக்கும் இடமும் இன்காய்ஸ் தளத்தில் தமிழில் இலவசமாகக் கிடைக்கின்றன. கடலுக்குப் போகும் அண்ணன், மாமா, சித்தப்பா போனில் இன்றைக்கே எடுத்துக் காட்டுங்கள்!